துருப்பிடிக்காத வாள்

செப்டம்பர் 21, சனி

எதிர்வீட்டு அர்த்தநாரி இன்று மளிகைக் கடையில் நாலு பேர் முன்னால் என்னைக் ‘கத்திக்காரரே’ என்று கூப்பிட்டார். கத்திக்கும் வாளுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது? கத்தி வெங்காயம் நறுக்க. வாள் என்பது வரலாறு.

பம்ப் கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்து, வாழ்க்கை முழுக்க வார்ப்பும் போல்ட்டும் வாங்கி அலுத்துப்போன கை இது. ஓய்வுக்குப் பிறகாவது கம்பீரமாக ஒன்றைத் தொடட்டும் என்று ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் வாள்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது ஏலத்துக்கு வரும். இப்போது வீட்டில் ஏழு இருக்கின்றன. கைப்பிடியில் விக்டோரியா ராணியின் முத்திரை உள்ள காலாட்படை வாள்கள், நேரான அலகுள்ள பிற்காலத்து வாள்கள், தோல் உறை உளுத்துப்போன ஒன்று.

ஏழிலும் தலையாயது மருமகன் தரணிதரன் கொடுத்தது. 1796ஆம் வருட மாதிரி, குதிரைப்படை வாள். அரிவாளுக்கு அண்ணன் போல வளைந்த அகலமான அலகு, நல்ல பழுப்பு. ஆடிக்கு மருமகனை அழைத்து மாமனார் சீர் செய்வதுதான் வழக்கம். இந்த ஆடிக்கு அவன் எனக்குச் சீர் கொண்டுவந்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிற பையன், எனக்காகக் குன்னூர் வரை போய் ஏதோ தோட்டத்துரையின் பேரனிடம் பேசி வாங்கியிருக்கிறான். நான் வாளைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே ஜீவனும் அவன்தான்.

சாயங்காலம் வாணி திருப்பூரிலிருந்து வந்தாள். எங்கள் ஒரே மகள். ஒரே ஒரு பையோடு வந்திருக்கிறாள். சும்மா நாலு நாளைக்கு என்றாள். முகம் வாடியிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருக்காது.

செப்டம்பர் 23, திங்கள்

வாள்களுக்கு எண்ணெய் போடும் நாள். தையல் மிஷின் எண்ணெய், பழைய வேட்டித் துணி, லேசான கை. தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, பளபளப்பாக்கவே கூடாது. காலம் பூசிவிட்ட கருமைக்குத்தான் மதிப்பு. அதைச் சுரண்டினால் வாள் செத்தது. இதை இந்த வீட்டில் பலமுறை சொல்லியாயிற்று. ராசாமணி ஒவ்வொரு முறையும் ‘சரிங்க’ என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சரிங்கவைக் கேட்டு வருகிறேன். அதில் எது சம்மதம், எது சலிப்பு என்று இன்னும் பிடிபடவில்லை.

வாணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாள்கள் இருக்கிற அறை கல்யாணத்துக்கு முன் அவள் அறை. தன் கட்டில் எங்கே என்று கேட்டாள். மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்திருக்கிறது என்றேன். இந்த வீட்டில் ஈரம் ஏறாத அறை இது ஒன்றுதான், வாளுக்கு ஈரம் எமன் என்று விளக்கிச் சொன்னேன். புரிந்துகொண்டாள். ஹாலில் அம்மாவோடு பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள். வளர்த்த விதம் அப்படி.

மத்தியானம் ராசாமணி எனக்கு ரசம் ஊற்ற மறந்துவிட்டாள். அவளுக்கும் வயதாகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

வாணி இன்னும் கிளம்பவில்லை. பால் ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்லியிருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

தரணி போன் செய்தான். எடுத்ததும் வாள்களைத்தான் விசாரித்தான். மழைக்காலத்தில் வாளை உறைக்குள்ளேயே வைக்கலாமா, வெளியே எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டான். எவ்வளவு நுட்பமான கேள்வி! தோல் உறை ஈரத்தை உறிஞ்சும் என்பதிலிருந்து ஆரம்பித்து வெகுநேரம் பேசினேன். கடைசியில்தான் தயங்கித் தயங்கி, வாணிக்குக் கொஞ்சம் பிடிவாதம் அதிகம், நீங்கள் புத்தி சொல்லி அனுப்பி வையுங்கள் என்றான். மரியாதையான பிள்ளை. ஒரு இடத்திலும் குரல் உயரவில்லை.

என்ன பேசினான் என்று ராசாமணி கேட்டாள். தோல் உறையைப் பற்றி என்றேன். அவள் அடுப்படிக்குள் போனவள் திரும்பி வந்து, ஆபீஸ் போகும்போது அவன் வாணியை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறானாம், அது உங்களுக்குத் தெரியுமா என்றாள்.

தெரியாது. ஆனால் அவர்கள் குடியிருப்பது ஊருக்கு வெளியே புதுக் கட்டடம். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அக்கறை இருக்கிறவன்தான் பூட்டுவான். நானும் வெளியூர் போனால் வாள் அறையைப் பூட்டித்தானே போகிறேன் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே போய்விட்டாள். நல்லது சொன்னால் இந்த வீட்டில் காது கேட்காது.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். அர்த்தநாரி வாசலில் நிறுத்தி, பெண் வந்து நாளாச்சு போல இருக்கே என்றார். கொலு பார்க்க வந்திருக்கிறாள் என்றேன். எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு எதற்கு?

வாணி பிசியோதெரபி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தரணி வேண்டாம் என்றதால் வேலையை விட்டாள். இன்று திருச்சி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையில் சேர்ந்துவிட்டால் நாலு நாள் என்று சொன்னது நாலு வருடமாகும். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தால் ஊருக்கு என்ன பதில் சொல்வது? சூடு ஆறுவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

நானே தரணிக்குப் போன் போட்டேன். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து முறையாக அவளை அழைத்துப் போகும்படி சொன்னேன். அவனுக்கு மகிழ்ச்சி. வரும்போது உங்களுக்கு ஒன்று கொண்டுவருகிறேன் என்றான். என்னவாக இருக்கும் என்ற யோசனையில் சாப்பாடே இறங்கவில்லை.

வாணியிடம் தேதியைச் சொன்னேன். தலையாட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டது. காலை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவன் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று தெருவே வேடிக்கை பார்த்தது.

குனிந்து நிமிர்ந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. வாணி ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அழுத்துங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் சப்பணம் போட்டு உட்கார்ந்தே சாப்பிட்டேன். பல வருடமாக மடங்காத கால். நேற்று ராசாமணி தேய்த்துவிட்ட எண்ணெய் இன்றைக்குத்தான் வேலை செய்திருக்கிறது.

பிறகு வாணியைக் கூப்பிட்டு வாள்களைக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். குதிரைப்படை வாளைக் கையில் கொடுத்தபோது முதுகுப்பக்கமாக, கைரேகை படாமல், அனுபவப்பட்டவள் போலப் பிடித்தாள். என் மகள் அல்லவா! எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். வாளை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கோபம் ஆறாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும்.

காலையில் பழைய கம்பெனி பூஜைக்குப் போயிருந்தேன். லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஓய்வு பெற்றவர்களுக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பொட்டலமும் கையுமாக வீட்டுக்கு வந்தால், பின்வாசலில் துணி துவைக்கிற கல்லின் மேல் என் ஏழு வாள்களும் வெயிலில் காய்கின்றன. தாயும் மகளுமாகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு அலகிலும் சந்தனப் பொட்டு. கைப்பிடிகளில் செவ்வந்திப் பூ. விக்டோரியா ராணியின் முத்திரை மேல் மூன்று விரல் விபூதிப் பட்டை!

அத்தனை கருமையும் சாக்கடையில் போயிருந்தது. நின்ற இடத்திலேயே கத்தினேன். பொரி முழுக்கக் கீழே கொட்டியது. ராசாமணி நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆயுத பூசைக்கு அருவாமனையக் கழுவறோம், சைக்கிளக் கழுவறோம். இந்த ஊட்ல ஆயுதம்னு இருக்கறதே இதுதானுங்க. இதக் கழுவாம எதக் கழுவறது?”

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. யோசனை தன்னுடையதுதான் என்று வாணி முன்னால் வந்தாள். அப்பாவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தாளாம். கை இரண்டும் புளித்தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நான் அவளை ஒரு வார்த்தை சொன்னேன். கோபத்தில் வருவதுதான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பூஜை நடந்தது. சுண்டலில் உப்பு அதிகம்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நினைத்தது நடந்துவிட்டது. புளித்தண்ணீர் பட்ட எஃகு சும்மா இருக்குமா? ஆறு வாள்களிலும் செந்துரு பூத்துவிட்டது. துணியால் தொட்டால் மஞ்சளாக ஒட்டுகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மழையிலும் பனியிலும் தப்பி வந்த வாள்கள், எங்கள் சிங்காநல்லூரில் ஒரு உருண்டைப் புளிக்குத் தோற்றுப்போயின.

ஆனால் ஏழாவது! தரணி கொடுத்த குதிரைப்படை வாளில் துருவின் சாயல்கூட இல்லை. மேலே இருந்த பழுப்பு மொத்தமாகப் போய்விட்டது வாஸ்தவம். ஆனால் அடியில் என்ன எஃகு, என்ன எஃகு! முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். நெப்போலியனை எதிர்த்துப் போனவர்களின் எஃகு என்றால் சும்மாவா? அந்தக் காலத்துச் செய்நேர்த்தி இப்போது வராது. ஏலத்தில் நானே பார்த்துப் பார்த்து வாங்கிய ஆறும் ஒரு பக்கம், மருமகன் கொண்டுவந்தது ஒரு பக்கம். அவனுக்குத்தான் கண் இருக்கிறது.

அந்தப் பக்கம் வந்த ராசாமணி, எவர்சில்வர் தட்டாட்டம் மின்னுது என்று சொல்லிவிட்டுப் போனாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

திரும்பி வந்து, வாணி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்றேன். ராசாமணி என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

“இதுக்குத்தான்டி அவன் உன்னயப் பூட்டி வெக்கறான்னு பெத்த பொண்ணப் பாத்துச் சொன்னீங்களே. நீங்க சொல்லிப்போட்டு மறந்துட்டீங்க. அவளுக்கு மறக்குமுங்களா?”

அப்படியே அந்த வார்த்தைகளில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஏறத்தாழ அப்படித்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கம்பெனி நாளில் எப்போதும் என் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். இப்போது எங்கே இருக்கிறதோ. தேடவில்லை. சும்மா நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

காந்தம் கிடைத்துவிட்டது. மேசை இழுப்பறையில், எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். சரக்கு வந்து இறங்கியதும் கொள்முதல் ஆள் முதலில் செய்கிற வேலை காந்தம் வைத்துப் பார்ப்பது. இரும்பையும் பழங்காலத்து எஃகையும் காந்தம் கவ்விப் பிடிக்கும். பாத்திரம் செய்கிற எவர்சில்வரைப் பிடிக்காது. எவர்சில்வர் துருப்பிடிக்கவும் பிடிக்காது. அப்படி ஒரு உலோகத்தை மனிதன் கண்டுபிடித்ததே போன நூற்றாண்டில்தான். 1796இல் குதிரை மேல் போனவன் இடுப்பில் அது இருக்க வழியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. சனிக்கிழமையும் தெரியும்.

முதலில் ஜன்னல் கம்பியில் வைத்துப் பார்த்தேன். பிடித்தது. பீரோவில் பிடித்தது. துருப்பிடித்த ஆறு வாள்களிலும் பிடித்தது. பிறகு வெளியே போய் அர்த்தநாரி வீட்டு இரும்புக் கேட்டில் வைத்துப் பார்த்தேன். பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவர் மாடியிலிருந்து என்னவென்று கேட்டார். கேட் நல்ல கேட் என்றேன்.

கடைசியாகக் குதிரைப்படை வாளில் வைத்தேன். காந்தம் வழுக்கிக் காலில் விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

எனக்குச் சரக்கு அனுப்பி ஏமாற்றியவன் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

அக்டோபர் 16, புதன்

வாணியிடம் கேட்டேன். வாளைப் பற்றித்தான்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாள் எங்கே வாங்கியது என்று கேட்டதும் ஒன்றும் மறைக்கவில்லை. மேடை நாடகத்துக்கும் கல்யாண மண்டப அலங்காரத்துக்கும் விற்கிற வாளாம், போனில் பார்த்து வரவழைத்ததாம். வந்தபோது பளபளவென்று இருந்திருக்கிறது. தரணி அதைப் பால்கனியில் வைத்துக் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, டீ டிகாக்‌ஷனும் பூட் பாலிஷும் மாற்றி மாற்றிப் பூசினானாம். அவன் பூசப் பூச, கைரேகை படாமல் முதுகுப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றது இவள். கை நழுவினால் திட்டு விழுமாம்.

ஆயுத பூஜைக்குத் தேய்த்தபோது அந்தப் பழுப்பு போய்விடும் என்று உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும் என்றாள். மற்றது கெட்டுப்போகும் என்றுதான் தெரியாதாம். அது தன் தப்புதான் என்றாள். இதை வாயைத் திறந்து என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கையில் இருந்த சேலையைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவிவிட்டுத்தான் பேசினாள்.

“ஆடி முடிஞ்ச வாரம் போன் பண்ணுனேனுங்கப்பா. அன்னைக்குக் கேஸ் டியூப்புல தீப்பிடிச்சிருச்சு. கதவு வெளிய பூட்டியிருந்துது. ஜன்னல்ல நின்னு கத்தி, பக்கத்து ஊட்டுக்காரங்க பூட்ட ஒடச்சு என்னைய வெளிய கொண்டாந்தாங்க. அவரு வந்து, பூட்ட எதுக்கு ஒடைக்க உட்டேன்னுதான் கேட்டாருங்க. அன்னைக்கு உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுனேன். நா ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க, மாப்பிள்ளைகிட்டக் குடு சாமி, வாளப் பத்தி ஒண்ணு கேக்கோணும்னீங்க.”

அவள் அழவில்லை. அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அன்று நான் அவனிடம் கேட்டது அலகின் நீளம். ஞாபகம் இருக்கிறது. தெளிவாகத்தான் பதில் சொன்னான்.

கீழே இறங்கி வந்து வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மாடி ஏறி இறங்கினால் இப்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

இருபதாம் தேதி வர வேண்டாம் என்று சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். வரட்டும். சரக்கைத் திருப்புவதானால் அனுப்பியவன் கண் முன்னால் திருப்ப வேண்டும். இது கம்பெனி முறை.

ராசாமணி இன்று ரசம் ஊற்றினாள். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

தரணியும் அவன் பெரியப்பா நாச்சிமுத்துவும் காரில் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தட்டில் பழம், பூ, இனிப்பு. ஒரு குறையும் இல்லை. தரணி கையில் வெல்வெட் துணி சுற்றிய நீளமான பொட்டலம். காப்பி வருவதற்குள் அதைப் பிரித்து என் மடியில் வைத்தான். பீரங்கிப்படை அதிகாரியின் வாளாம். மாமாவுக்கென்றே குன்னூரில் சொல்லி வைத்திருந்தானாம்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. உண்மையை எழுத வேண்டும், கையில் எடுத்ததும் ஒரு கணம் மனசு துள்ளியது. பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பிப் பார்த்தேன். முனை முதல் பிடி வரை ஒரே சீரான பழுப்பு. காலம் அப்படிப் பூசாது, கை படுகிற இடத்தில் தேயும், படாத இடத்தில் தடிக்கும். மூக்கருகே கொண்டுபோனேன். டீ வாசனை. காந்தத்தை எடுத்து வைத்தேன். வழுக்கிக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் காலருகே விழுந்தது. அவர் பொறுக்கிக் கொடுத்தார்.

உள்ளே போய் ஆடியில் வந்த வாளையும் எடுத்து வந்து, இரண்டையும் அவன் மடியில் வைத்து, ரெண்டும் ரிஜெக்ட் மாப்பிள்ளை என்றேன்.

தரணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாச்சிமுத்துவுக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணை முறையாகக் கூட்டிப்போக வந்தவர்களை உட்கார வைத்து இது என்ன கத்திப் பேச்சு என்றார்.

“ஒரு கத்திக்காக உங்க பொண்ணு வாழ்க்கயவே கெடுத்துக்குவீங்களா நீங்க?”

“ஆமாங்க. கத்திக்காகத்தான்.”

பிறகு தரணிதான் பேசினான். அதே அடங்கிய குரல். இந்தக் குரலைத்தான் இத்தனை நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நெசம்னு நெனச்சுச் சந்தோசமாத்தான மாமா இருந்தீங்க. உங்களுக்கு எது வேணுமோ அதத்தான் குடுத்தேன்.”

அவன் சொன்னது சரி. அவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாணியைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான். அவள் உடம்பு தானாக ஓரடி நகர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு நின்று என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னை.

நான் எழுந்து வாசலுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன். ஹால் சின்னது, வேறெங்கே நிற்பது?

“நா வரலைங்க” என்று எனக்குப் பின்னாலிருந்து வாணி சொன்னாள். நடுக்கமாகத்தான் சொன்னாள். இரண்டாவது முறை நடுக்கம் இல்லை.

நாச்சிமுத்து கோர்ட், வக்கீல் என்று என்னென்னவோ பேசிப் பார்த்தார். ராசாமணி பழத்தட்டை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஒரு சரிங்ககூடச் சொல்லவில்லை. வாள்கள் இரண்டையும் நானே கொண்டுபோய்க் கார் டிக்கியில் வைத்தேன். ரிஜெக்ட் ஆன சரக்கைக் கோடவுனில் விட்டு வைக்கக் கூடாது.

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். மருமகனைத் திருப்பி அனுப்பியது போலி வாள் கொடுத்த காரணத்துக்காக மட்டுமே. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நான் தலையிடவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

வாணியின் கட்டிலை அவள் அறைக்குள் போட்டாயிற்று. நானும் ராசாமணியும் தூக்கினோம். வாள்கள் ஆறும் மாடிப்படிக்குக் கீழே போயின. அங்கே ஈரம்தான். துருப்பிடித்ததற்கு இனி ஈரம் என்ன, வெயில் என்ன.

ஆஸ்பத்திரியிலிருந்து வாணிக்குப் போன் வந்தது. புதன்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 23, புதன்

காலையில் வாணி வேலைக்குப் போனாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பால் வாங்க எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக, அப்பா நீங்கள் போங்கள் என்று கை காட்டினாள். பஸ் திரும்பும் வரை நின்றுவிட்டு வந்தேன். பால் வாங்க மறந்துவிட்டேன்.

திரும்பும்போது அர்த்தநாரி அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கார் வந்ததும் போனதும் முழுக்கப் பார்த்திருக்கிறார். நாச்சிமுத்து ஹாலில் போட்ட சத்தமும் எட்டியிருக்கும். மாப்பிள்ளை ஏதோ டூப்ளிகேட் கத்தியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாராமே, அதனால்தான் பெண்ணை அனுப்பவில்லையாமே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வசதியான பதில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“கத்தியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்ற பொண்ண உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போனானுங்க. தீப்பிடிச்சப்பக்கூட அவளால வெளிய வர முடியலீங்க. எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வந்தா. நான் காதுல வாங்குலீங்க.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், பட்டப்பகலில், அர்த்தநாரி முன்னால். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

அர்த்தநாரியிடம் ஒன்றைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் சிங்காநல்லூர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்துதான் அவரிடம் சொன்னேன்.